தரம் 7, 8 பெண்பிள்ளைகளுக்கு உடல் சுத்தம் சொல்லிக் குடுக்க: வெள்ளை படுதல், பாட் மாத்துவது, தொடை இடுக்குக் கடி (அரிப்பு)

வெள்ளவத்தை_டீச்சர் கேட்டது:

தரம் 7, 8 பெண்பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியால வகுப்பு இருக்கு. கர்ப்பப்பை எங்கே, மாதவிடாய் ஏன் வருது என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே வருது. அதைத் திருப்பிச் சொல்லி நேரத்தை வீணாக்க விருப்பமில்லை. பிள்ளைகள் பெயர் போடாமல் துண்டுக் கடதாசியில் எழுதித் தரும் கேள்விகள் வேற மாதிரி.

இன்னும் பெரியபிள்ளை ஆகவில்லை, ஆனால் ஜங்கியில் வெள்ளை படுது, இது வருத்தமா? அம்மா டெட்டோல் கலந்து கழுவச் சொல்றா, சரியா? தொடை இடுக்கில் கடி, பாமசிக் கிறீம் பூசினால் போகுது, நிப்பாட்டினால் திரும்ப வருது, ஏன்? காலை 6 மணிக்கு வேன் ஏறினால் 1.30க்குப் பாடசாலை விட்டு, டியூஷன் முடிந்து வீடு வர 5 மணி. இடையில் எத்தனை தரம் பாட் மாத்த வேணும்? பாடசாலை டொய்லட்டில் தண்ணீர்க் குழாய் மட்டும்தான், அங்கே எப்படி மாத்துவது?

தெரிந்தவர்கள் படிப்படியாக, அளவோடு சொல்லுங்க. தாய்மாருக்கும் ஒரு பக்கத் தாள் குடுக்கப் போறேன். எப்ப டொக்டரிடம் கூட்டிப்போக வேணும் என்பதும் அதில் வர வேணும்.


மிட்வைஃப்_கொட்டாஞ்சேனை:

டீச்சர், வெள்ளை படுறதில இருந்தே தொடங்குங்க. வீட்டில பயப்படுறதும், அந்தப் பயத்தில கூடக் கழுவத் தொடங்குறதும் அங்கேதான்.

முதல் மாதவிடாய்க்கு ஆறு மாசம், ஒரு வருசம் முன்னமே உடம்பில ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் கூடும். அப்ப தெளிவாகவோ வெள்ளையாகவோ ஒரு கசிவு வரும். துணியில காய்ந்தால் லேசான மஞ்சளாகத் தெரியும். கடி, எரிவு, நாற்றம் மூன்றும் இல்லையென்றால் மருந்து தேவையில்லை. பெரியபிள்ளை ஆன பிறகும் மாதத்தின் நடுவில இரண்டு மூன்று நாள் வழுவழுப்பாகக் கூட வரும், அதுவும் வழமைதான்.

டெட்டோல் கதைக்கு விடை இது. பருவமடைந்த பிறகு யோனிக்குள்ள லக்டோபசிலஸ் என்ற பக்டீரியா குடியிருந்து லக்டிக் அமிலம் செய்யும். அமில அளவைக் காட்டுற பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூட) 3.8க்கும் 4.5க்கும் இடையில நிக்கும். அந்த அமிலத்தில மற்றக் கிருமிகள் பெருக முடியாது. சாதாரண சவர்க்காரக் கட்டியின் பிஎச் 9, 10. டெட்டோல் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே அழிக்கும், மென்தோலையும் எரிக்கும். ஆகவே உள்ளே எதையும் விட்டுக் கழுவக் கூடாது, வெறும் தண்ணியைக்கூட. வெளிப்பக்கம் மட்டும், சாதாரணத் தண்ணியில, நாளுக்கு ஒரு தரம். மாதவிடாய் நாளில இரண்டு தரம். மடிப்புகளை விரலால விலக்கி, அங்கே படிந்திருக்கும் வெள்ளையை விரல் நுனியால மெதுவாக எடுத்தால் போதும். சவர்க்காரம் வேணுமென்றால் மயிர் இருக்கும் வெளிப்பகுதிக்கும் தொடை இடுக்குக்கும் பின்பக்கத்துக்கும்தான். பின்பக்கம் கடைசியாக.

பாடசாலை டொய்லட் விசயத்தில "முன்னால இருந்து பின்னால" என்று எல்லாரும் சொல்லிக் குடுக்கிறாங்க. குழாய் பிடிக்கிற விதத்தை யாரும் சொல்றதில்லை. குழாயைப் பின்பக்கத்தால கொண்டுபோய் மேல்நோக்கி வேகமாக அடிச்சால், மலவாசல் தண்ணி முழுக்க முன்னுக்குத் தெறிக்கும். குழாய் முன்பக்கம் இருக்க வேணும், தண்ணி மெதுவாக வர வேணும், வழிஞ்சு பின்னால போக வேணும். பின்பக்கத்தை வேறயாக, இடது கையால பிறகு கழுவலாம்.

அதுக்குப் பிறகு ஈரம் ஒத்தி எடுக்காமல் ஜங்கியை இழுத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடுறதுதான் நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய பிழை. இந்த ஊர்ப் புழுக்கத்தில அந்த ஈரம் இன்டர்வெல் முடிஞ்சும் காயாது. மாதவிடாய் நேரத்தில இன்னொரு சேதமும் இருக்கு: ஈரத் துணியில பாட்டின் பசை ஒட்டாது, நகரும், பக்கத்தால கசியும். அதோட தோலில நிக்கிற தண்ணியைப் பாட் முதலில உறிஞ்சிக்கொள்ளும், இரத்தத்துக்கு இடம் குறையும். "புது பாட்தானே, எப்படிக் கசிஞ்சது" என்று பிள்ளை குழம்புறது இதாலதான். ஒரு சின்னப் பருத்தித் துணி போதும், அன்றன்று துவைச்சுக் காயவைக்க வேணும். டிஸ்யூ என்றால் ஒத்தணும், தேய்ச்சால் துகள் துகளாக ஒட்டிக்கொள்ளும்.

மாத்துற நேரம்: 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம். படுறது கொஞ்சம் என்றாலும் பகலில அதுக்கு மேல வைக்க வேண்டாம். உங்கட நேரசூசிக்குப் பார்த்தால் வீட்டால வெளிக்கிட முதல் ஒன்று, இன்டர்வெல்லில ஒன்று, 1.30க்கு டியூஷனுக்குப் போக முதல் பாடசாலையிலேயே ஒன்று. டியூஷன் இடத்தில டொய்லட் எப்படி இருக்கும் என்று நம்பி இருக்க ஏலாது. முதல் இரண்டு நாளும் இந்தக் கணக்குக் கட்டாயம்.

பையில இரண்டு மூன்று பாட், ஒரு ஜங்கி, மடிச்ச பத்திரிகைத் தாள், சிப் போட்ட சின்னப் பிளாஸ்டிக் பை, ஒத்துற துணி. பாட் மாத்த முதலும் கை கழுவ வேணும், பிறகு மட்டும் இல்லை. வெள்ளைச் சீருடைக்கு உள்ள வெள்ளை ஜங்கியை விடத் தோல் நிறத்தில போடுறது வெளியில தெரியாது. கசியும் என்ற பயத்தில நைலோன் ஷோர்ட்ஸ் இரண்டு அடுக்காகப் போடுற பிள்ளைகளுக்குத்தான் மூன்றாம் நாள் தொடையெல்லாம் சிவந்து கிடக்கும்.


பாமசி_கவுண்டர்:

கடிக்கு நான் வாறேன், இது கவுண்டரில ஒவ்வொரு நாளும் நடக்கிற விசயம்.

"இடுக்கில கடி, ஒரு கிறீம் தாங்க" என்று கேட்டால் பல இடத்தில குடுக்கிறது கலவைக் கிறீம்: பங்கசுக்கு ஒரு மருந்து, பக்டீரியாவுக்கு ஒன்று, கூட ஸ்டீரொயிட். டியூபில சின்ன எழுத்தில பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீரொயிட். பூசி இரண்டு நாளில சிவப்பும் கடியும் அடங்கும், ஆனால் பங்கஸ் சாகாது. தோலின் எதிர்ப்பு குறைஞ்சு போறதால உள்ளுக்குள்ள பரவும். நிப்பாட்டினதும் முன்னையை விடப் பெரிய வட்டமாக வரும். டீச்சர் எழுதின "போகுது, திரும்ப வருது" என்பதுக்கு முதலில சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இடுக்குத் தோல் மெல்லிசு. மாசக்கணக்கில பூசினால் தோல் இன்னும் மெலிஞ்சு கோடு கோடாகக் கிழிஞ்ச தழும்பு வரும், அது பிறகு மறையாது.

எல்லாக் கடியும் ஒன்றில்லை. நாலு விதத்தைப் பிரிச்சுப் பார்க்கப் பழக்குங்க.

தொடைப் பக்கமாக வளையமாகப் பரவி, ஓரம் சிவந்து தடிச்சு, நடுப்பகுதி வெளிறி இருந்தால் படர்தாமரை. ஸ்டீரொயிட் இல்லாத, தனி குளோட்ரிமசோல் 1% கிறீம், நாளுக்கு இரண்டு தரம், வளையத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்ரிமீற்றர் வரைக்கும் பூச வேணும். மறைஞ்ச பிறகும் இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையை விடுறதாலதான் பாதிப் பேருக்குத் திரும்ப வருது. துவாய் வேறயாக வைக்க வேணும், வீட்டில வேற ஆளுக்கு இருந்தால் ஒரே நேரத்தில எல்லாரும் பூச வேணும்.

பிறப்புறுப்பிலேயே கடியும் எரிவும், தயிர்த் திரளை மாதிரி வெள்ளையும், ஆனால் பெரிய நாற்றம் இல்லை என்றால் கண்டிடா என்ற வேறொரு பங்கஸ். அன்டிபயோட்டிக் குடிச்ச பிறகு அடிக்கடி வரும். 16 வயதுக்குக் கீழே என்றால் பாமசியில தீர்க்கிற விசயம் இல்லை, டொக்டர் பார்க்கட்டும். உள்ளே வைக்கிற குளிசையைத் தாய்மார் தாங்களாக வாங்கிக் குடுக்கக் கூடாது.

இரவில மட்டும், பின்பக்கம் தொடங்கி முன்னுக்கு வாற கடி என்றால் நூல்புழு. இதைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க, கிறீம் மேல கிறீம் பூசுறாங்க. மெபெண்டசோல் ஒரு வேளை, இரண்டு கிழமை கழிச்சு இன்னொரு வேளை, வீட்டில இருக்கிற எல்லாருக்கும் ஒரே நாளில. சின்னக் குழந்தையும் கர்ப்பிணியும் இருந்தால் டொக்டரிடம் கேட்டுத்தான். நகத்தை ஒட்ட வெட்டி, காலையில எழும்பினதும் கழுவி ஜங்கி மாத்த வேணும், முட்டை போடுறது இரவிலதான்.

பாட் இருந்த இடத்தின் அளவுக்கே அச்சாகச் சிவந்தால் பாட் அலர்ஜி அல்லது உரசல். வாசனை போட்டதையும் மேல வலை மாதிரிப் பிளாஸ்டிக் வச்சதையும் விட்டுட்டு, வாசனை இல்லாத பருத்தி மேற்பரப்பு உள்ளதுக்கு மாறுங்க. கழுவித் துடைச்சு, சிவந்த இடத்தில வசலின் மெல்லிசாக. நாளாந்தம் பான்டி லைனர் வைக்கிற பழக்கம் இப்ப கூடியிருக்கு. வெள்ளை படுறதை மறைக்க முப்பது நாளும் பிளாஸ்டிக் அடி வச்ச துண்டை ஒட்டிக்கொண்டு இருந்தால் கடி வராமல் என்ன செய்யும்?

சூப்பர் மார்க்கெட் தட்டில இருக்கிற அந்தரங்க வொஷ் போத்தல்கள் பற்றி: வெளிப்பக்கம் பாவிச்சால் பெரும்பாலும் கெடுதி இல்லை, தேவையும் இல்லை. அந்தக் காசுக்கு இரண்டு பருத்தி ஜங்கி வாங்கலாம்.


மட்டக்குளி_அம்மம்மா:

இவ்வளவு மருந்து எதுக்கு? வேப்பிலையும் மஞ்சளும் அவிச்ச தண்ணியை வாய்ச்சட்டியில ஊத்திப் பிள்ளையை அரை மணித்தியாலம் இருத்தினால் எல்லாம் போயிடும். அந்தக் காலத்தில அதுதான்.


மிட்வைஃப்_கொட்டாஞ்சேனை:

அம்மம்மா, மேலுக்கு ஊத்திக் குளிக்கிறதுக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டன். அரை மணித்தியாலம் அதிலேயே இருத்த வேண்டாம். தோல் ஊறி வெடிக்கும், மஞ்சள் துகள் மடிப்பில அடைஞ்சு உரசும், சூட்டின் அளவு தெரியாமல் பொக்குளிச்ச பிள்ளைகளும் உண்டு. சாமத்தியப்பட்ட பிள்ளையைத் தண்ணி வார்க்கும் வரை குளிக்க விடாமல் வச்சிருக்கிற வீடுகளுக்கும் இதோட சேர்த்துச் சொல்றேன்: சடங்கை எப்ப வேணுமானாலும் வையுங்க, பிள்ளை முதல் நாளில இருந்தே குளிக்கட்டும். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் தாராளமாகக் குடுங்க. முட்டையைப் பச்சையாகக் குடிக்க வைக்காமல் அவிச்சுக் குடுங்க.


வெள்ளவத்தை_டீச்சர்:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு மூன்று விசயம். சில பிள்ளைகள் துணிதான் பாவிக்கிறாங்க. ஃபிளாட்டில் வெயில் படுற இடமே இல்லை, குளியலறைக்குள்தான் காயுது. அப்படியென்றால் பாட்தான் என்று சொல்லிவிடலாமா? அந்த இடத்து மயிரை எடுக்க வேணுமா என்றும் கேட்கிறாங்க. உள்ளே வைக்கும் டம்பொன், மாதவிடாய்க் கப் பற்றியும் கேள்வி வரும்.


மிட்வைஃப்_கொட்டாஞ்சேனை:

துணியைக் குறை சொல்ல வேண்டாம் டீச்சர். ஒழுங்காகத் துவைச்சுக் காயவச்ச துணி பாட்டுக்குக் குறைஞ்சது இல்லை, செலவும் மிச்சம். சிக்கல் முழுக்கக் காயவைக்கிறதிலதான்.

பழைய பருத்தி வேட்டி, சீலைத் துண்டு நல்லம், சிந்தடிக் வேண்டாம். கழற்றினதும் முதலில பச்சைத் தண்ணியில ஊறவிட வேணும். சுடுதண்ணி பட்டால் இரத்தத்தில இருக்கிற புரதம் நூலோட இறுகும், கறை போகாது, அந்தக் கறையிலதான் பிறகு மணம் பிடிக்கும். ஒரு இருபது நிமிசம் ஊறினதும் அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு, சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சு, வழுவழுப்புப் போகும் வரைக்கும் அலச வேணும். சவர்க்காரம் மிஞ்சினால் அதுவே கடிக்கும். கொம்ஃபோர்ட் மாதிரியான வாசனைத் திரவம் உள்ளாடைக்கு வேண்டாம்.

காய: வெயில் இருந்தால் நேர் வெயில். பல்கனி இருந்தும் "ஆக்கள் பார்ப்பாங்க" என்று துவாய்க்குக் கீழ ஒளிச்சுக் காயவச்சால் காயாது, புளிச்ச மணம்தான் வரும். அயல் கண்ணுக்குப் பயமென்றால் மேல மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் காற்றுப் போக இடைவெளி விட்டுப் போடுங்க. வெயிலே இல்லாத ஃபிளாட்டிலும், மே முதல் செப்டெம்பர் வரை மழை நாட்களிலும், நல்லாகப் பிழிஞ்சு, ஃபான் காற்றில காயவச்சு, பிறகு சூடாக அயன் பண்ணுங்க. இரண்டு பக்கமும், மடிப்புத் தையலிலும் கூட. ஜங்கிக்கும் இதே முறைதான். கையில தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கு, போட வேண்டாம். காய வழியே இல்லாத கிழமைகளில மட்டும் பாட் வாங்குங்க. கறையோ மணமோ நிரந்தரமாகப் பிடிச்ச துணியை விட்டுட வேணும்.

ஜங்கி இந்தக் காலநிலைக்கு நாளுக்கு இரண்டு: காலையில ஒன்று, பாடசாலையால வந்து குளிச்சதும் ஒன்று. நெட்போல், நீச்சல் பயிற்சி இருந்தால் முடிஞ்ச கையோட மாத்த வேணும். ஈர நீச்சல் உடுப்போட வேனில ஒரு மணித்தியாலம் இருக்கிறது பங்கசுக்கு விருந்து வைக்கிற வேலை.

மயிர் அழுக்கு இல்லை, உரசலில இருந்து தோலைக் காக்கிறதுக்குத்தான் இருக்கு. எடுக்கத் தேவையில்லை. நீளம் தொந்தரவு என்றால் முனை மழுங்கின கத்தரிக்கோலால ஒரு சென்ரிமீற்றர் விட்டு வெட்டலாம். ரேசர் வச்சால் மயிர் உள்ளுக்குள்ள வளைஞ்சு வளர்ந்து கட்டி வரும். மயிர் நீக்கிற கிறீம் உள்மடிப்பில பட்டால் சுட்டுப்போடும்.

பாட்டை டொய்லட்டுக்குள்ள போட்டு ஃபிளஷ் பண்ணக் கூடாது, பத்திரிகையில சுத்தி உக்காத குப்பையோட. பாடசாலையில மூடி வச்ச வாளி ஒன்று வைக்கிறது அதிபரிட்ட நீங்கதான் கேட்க வேணும்.


டொக்டர்_பொரளை:

டம்பொன், கப் பற்றிக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். டம்பொன் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. அரிதாக என்றாலும் நச்சு அதிர்ச்சி நிலை உயிராபத்தானது. திடீர்க் காய்ச்சல், வாந்தி, உடம்பெல்லாம் சிவப்பு வந்தால் உடனே அகற்றிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கப்பைப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியே எடுத்துக் கழுவி, மாதவிடாய் முடிந்ததும் 5 முதல் 10 நிமிடம் கொதிநீரில் போட வேண்டும். 12, 13 வயதில் தொடக்கத்துக்கு பாட் அல்லது துணியே இலகு.

தாய்மாருக்கான தாளில் கீழே உள்ளவற்றை எழுதுங்கள்.

முதல் இரண்டு மூன்று வருடம் சுழற்சி ஒழுங்கில்லாமல் இருப்பது வழமை. 21 நாளுக்கு ஒரு தரமும் வரலாம், 45 நாளும் போகலாம். 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் காட்ட வேண்டும். 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை, அல்லது 13 வயதாகியும் மார்பு வளரத் தொடங்கவில்லை என்றாலும் அப்படித்தான்.

இரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டுவது, ஒரு பாட் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முழுதாக நனைவது, இரண்டரை சென்ரிமீற்றரை விடப் பெரிய கட்டிகள் விழுவது, எழும்பும்போது தலை சுற்றுவது: இவற்றை "எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். குடும்பத்தில் எல்லாருக்கும் அப்படியென்றால் அதுதான் கூடுதல் காரணம். முதல் மாதவிடாயிலிருந்தே கூடப் போகும் பிள்ளைக்கு இரத்தம் உறைவதில் பரம்பரைக் குறைபாடு இருக்கலாம். பல் பிடுங்கியபோது, மூக்கால் இரத்தம் வந்தபோது இரத்தம் நிற்க நேரமெடுத்ததா என்று கேட்டுப் பாருங்கள். மயங்கி விழுந்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

சலக்கடுப்பு இந்த வயதில் அதிகம் வருவதற்குப் பாடசாலை டொய்லட் ஒரு காரணம். போக அருவருத்து, காலை 6 மணியிலிருந்து 5 மணி வரை அடக்குகிறார்கள். அடக்குவதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. பெண்களின் சலக்குழாய் வளர்ந்த பிறகே 4 சென்ரிமீற்றர் அளவுதான், மலவாசல் பக்கத்திலேயே இருக்கிறது. தேங்கி நிற்கும் சலத்தில் ஈ.கோலை என்ற மலக்குடல் பக்டீரியா பெருகப் பெரிய நேரம் தேவையில்லை. பாடசாலைப் போத்தல் 750 மில்லிலீற்றர் என்றால் 1.30க்குள் அது முடிய வேண்டும், டியூஷனுக்கு இன்னொன்று. மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை போக வேண்டும். எரிவோடு காய்ச்சல், முதுகுப் பக்க வலி சேர்ந்தால் அன்றைக்கே டொக்டரிடம். அன்டிபயோட்டிக் தொடங்க முதல் சலப் பரிசோதனைக்குக் குடுத்துவிடுங்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் போத்தலில் பிடிக்க வேண்டும்.

பச்சை, சாம்பல் நிறக் கசிவு, மீன் நாற்றம், மாதவிடாய் இல்லாத நேரத்தில் இரத்தம், கீழ் வயிற்று வலியோடு காய்ச்சல் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பிள்ளையைத் தனியாகவும் ஐந்து நிமிடம் டொக்டரோடு கதைக்க விடுங்கள். யாராவது தொந்தரவு செய்திருந்தால் அம்மாவுக்கு முன்னால் சொல்ல மாட்டாள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைப் பிள்ளைகளுக்குரிய தாளிலும் போடுங்கள். கொழும்பில் காசல் வீதி, டி சொய்சா இரண்டு அரச மகளிர் வைத்தியசாலைகளிலும் பெண்நோயியல் கிளினிக் உண்டு. காசு இல்லை என்று யாரும் பின்நிற்கத் தேவையில்லை.

சாப்பாட்டில் முருங்கை இலை, நெத்தலி, பருப்பு, கூடவே தேசிக்காய்ப் புளி. சோறு சாப்பிட்ட கையோடு பிளேன் டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி 2017 முதல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடப்படுகிறது. தவறவிட்ட பிள்ளை இருந்தால் உங்கள் பகுதி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேளுங்கள்.


பாமசி_கவுண்டர்:

வயிற்று வலி விடுபட்டுப் போச்சு. வலிக்குக் காரணம் கர்ப்பப்பைச் சுவரில ஊறி அதைச் சுருங்க வைக்கிற புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள். அதைத் தடுக்கிற குளிசை இபுபுரொஃபன், மெஃபனமிக் அசிட். வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் பாதிதான் கேட்கும். இரத்தம் காணத் தொடங்கின உடனே, சாப்பிட்ட பிறகு போட வேணும். 12 வயதுக்கு மேல இபுபுரொஃபன் 200 முதல் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரத்துக்கு மேல இல்லை, இரண்டு மூன்று நாள் மட்டும். ஆஸ்துமா, கஸ்ட்ரைட்டிஸ், சிறுநீரக வருத்தம் இருந்தால் கேட்காமல் குடுக்கக் கூடாது. சுடுதண்ணிப் போத்தலைத் துணியில சுத்தி அடிவயிற்றில வைக்கிறதும் நல்லாக் கேட்கும்.

கொழும்பில இருக்கிறதால ஒன்றைக் கட்டாயம் தாளில போடுங்க டீச்சர். மாதவிடாயும் காய்ச்சலும் ஒன்றாக வந்தால் இந்த இரண்டு குளிசையும் வேண்டாம். டெங்கு என்றால் இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் குறையுற நேரத்தில இவை இரத்தப்போக்கைக் கூட்டும். டைக்ளோஃபெனக்கும் அஸ்பிரினும் அதே மாதிரித்தான். பரசிட்டமோல் மட்டும், நிறை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல போகாமல்: 40 கிலோப் பிள்ளைக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று, ஆறு மணித்தியால இடைவெளியில, நாளுக்கு நாலுதான். டொக்டரிடம் போனதும் மாதவிடாய் நடக்குது, எத்தனையாம் நாள், எத்தனை பாட் போகுது என்று கேட்க முதலே சொல்ல வேணும். பிள்ளை வெட்கத்தில சொல்லாது, அப்பா கூட்டிக்கொண்டு போனால் அவருக்குத் தெரியவே தெரியாது. அதால வீட்டால வெளிக்கிட முதல் அம்மா ஒரு துண்டில எழுதிக் குடுத்து விடட்டும்.